மூன்றாவது சாட்சி

என் மகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று தொலைபேசியில் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவள் தன் கணவனோடு சேர முடியாமல் வருடக்கணக்கில் மதுரையில் காத்துக் கிடந்தாள்.

கனடாவில் வேலை பார்த்த வேறு சாதிப் பையன் ஒருவனை அவள் திருமங்கலம் பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டாள். சாட்சிக் கையெழுத்துப் போட என்னை அழைத்திருந்தாள். போகவில்லை. நாகமலை புதுக்கோட்டை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தித்தாள் படித்தேன். கல்லூரியில் சமத்துவம் பற்றிப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். அலுவலகம் மூடும் நேரம்வரை எனக்காகக் காத்திருந்துவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை மூன்றாவது சாட்சியாகக் கூட்டி வந்து கையெழுத்துப் போட வைத்தார்களாம். அன்று எடுத்த ஒரே படத்தில் அவர் தோளில் துண்டோடு மகளின் பக்கத்தில் நிற்கிறார். என் வயதுதான். என் உயரமும்கூட.

மருமகன் கனடா திரும்பி, அவளை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தான். அது உண்மையான திருமணமா என்று விசாரிக்க, விசா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் பேசினாள்.

“கல்யாணப் படத்துல பொண்ணு பக்கத்துல ஒரு பெரியவர் நிக்கிறாரே, அது நீங்களா சார்?”

“இல்லை. என் மகளுக்குக் கல்யாணம் ஆகலை.”

வைத்துவிட்டேன். மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உறவு நம்பும்படி இல்லை என்று விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். மதுரையில் தான் தங்கியிருந்த பெண்கள் விடுதியிலிருந்து மகள் வந்து கேட்டாள்.

“அப்பா, வீட்டுக்கும் போன் பண்ணி விசாரிப்பாங்களாமே. ஒங்களுக்கு யாரும் பண்ணாங்களா?”

“இல்லையே.”

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. மருமகனை வரவழைத்து, மண்டபம் பிடித்து, சொந்தபந்தத்தைக் கூட்டிக் கல்யாணம் செய்து வைக்கிறேன் என்றேன். நான் மனம் மாறிவிட்டதாக நம்பி அவள் அழுதாள். என் கணக்கு வேறு. இப்போது தாலி ஏறினால், அன்று கல்யாணம் ஆகவில்லை என்று நான் சொன்னது பொய்யில்லாமல் போய்விடும்.

ஆனால் புருஷன் இருக்கும்போது கழுத்தில் இருப்பதைக் கழற்றவே கூடாது என்று என் அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். பதிவுத் திருமணத்தன்று கட்டிய பழைய மஞ்சள் கயிற்றுக்கு மேலேயே புதுத் தாலி ஏறியது.

“அத்தான், கல்யாணமானவளுக்கே கல்யாணம் பண்ணி வைக்கிற மொத ஆளு நீங்கதான்,” என்றான் மைத்துனன்.

மருமகனின் காலைக் கழுவினேன்.

“சார், மாப்ள காலப் புடிச்சபடியே இருங்க. கேமராவப் பாக்காதீங்க,” என்றார் படம் எடுத்தவர்.

குனிந்திருந்தபோது, மண்டப வாசலில் தோளில் துண்டோடு யாரோ நிற்பது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். யாருமில்லை.

அந்தப் படங்களோடு மறுபடியும் விண்ணப்பித்தார்கள். நேர்காணலில் அவளைக் கேட்டார்களாம், தாலி கட்டும் படத்தில் கழுத்தில் ஏற்கெனவே கயிறு இருக்கிறதே, அப்படியானால் இது எதற்கு நடந்த கல்யாணம்? கல்யாணமே ஆகவில்லை என்று உங்கள் அப்பா முன்பு சொல்லியிருக்கிறாரே? விசாவுக்காக எடுத்த படங்கள் என்று இரண்டாம் முறையும் மறுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அப்ப, போன் வந்துருக்கு.”

“ஆமாம்மா.”

“ஒங்களுக்காக அன்னைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எம்புட்டு நேரம் ஒக்காந்துருந்தேன் தெரியுமாப்பா?”

மறுநாளே வழக்கறிஞரிடம் போய், நான் சொன்னது பொய் என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மண்டபக் கல்யாணம் எதற்கு என்பதையும் மறைக்கவில்லை. மேல்முறையீடு நெடுநாள் இழுத்து, ஒருவழியாக விசா கிடைத்தது. அவள் போன பிறகு அந்தப் பெரியவரைத் தேடித் திருமங்கலம் போனேன். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. விசாரித்தேன். யாருக்கும் அவரைத் தெரியவில்லை.

மண்டபக் கல்யாண ஆல்பத்தை மகள் எடுத்துப் போகவில்லை. இப்போது வீடியோ காலில் அம்மாவோடு பேசுவாள். பின்னால் நான் நிற்பது தெரிந்தால், “சாப்டீங்களாப்பா?” என்பாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. அவள் தலை விலகும்போதெல்லாம் அந்தப் பெரியவர் என்னைப் பார்க்கிறார். அவள் பேசி முடித்து அணைக்கும்வரை நான் அங்கிருந்து நகர்வதில்லை.