வில்லியனூர்ச் சந்தையில் வாங்கிய நாற்காலி

சைகோனில் நான் குடியிருக்கும் தெருவுக்குக் காலையில் சூப்பு விற்க ஒரு பெண் வருவாள். தோளில் மூங்கில் காவடி. ஒரு பக்கத்தில் அடுப்பும் கொதிக்கும் பானையும், மறுபக்கத்தில் கிண்ணங்களும் நாலைந்து குட்டி முக்காலிகளும் தொங்கும். சாப்பாடு விற்கிறவள் உட்காரும் இடத்தையும் சுமந்துகொண்டு வருவாள் என்பது வந்த புதிதில் எனக்கு விளங்கவில்லை. வண்டி இழுக்கிறவன், கச்சேரி குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், யார் வந்தாலும் ஆளுக்கொரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து குடிப்பார்கள். முதல் நாள் நான் நின்றபடியே கை நீட்டினேன். அவள் ஏதோ சொல்லி முக்காலியைத் தட்டிக் காட்டினாள். அங்கே ஏற்கனவே உட்கார்ந்திருந்தவர் பெரிய மனிதர் போலத் தெரிந்ததால், வேண்டாம் என்று கையசைத்தேன். சூப்பே வேண்டாம் போலிருக்கிறது என்று எண்ணி அவள் கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிட்டாள். அன்று வெறும் வயிற்றோடு ஆபீசுக்குப் போனேன்.

துவான் என்கிற சுங்கக் கச்சேரியில் எனக்கு எழுத்து வேலை. காகிதத்தில் நான் பிரெஞ்சுக் குடிமகன். தெருவில் இந்த ஊர்க்காரர்கள் என்னை 'சாவா' என்பார்கள். ஜாவாவிலிருந்து வந்தவன் என்று அர்த்தமாம். ஜாவாவை நான் கப்பலிலிருந்துகூடப் பார்த்ததில்லை. புதுச்சேரி என்று சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, மறுநாளும் சாவா என்றே கூப்பிடுவார்கள். இதையெல்லாம் ஊரிலுள்ளவர்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறியவர்களுக்கும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அயல்நாடு போனவன்தான் புதிய வழக்கங்களை ஊருக்குக் கொண்டுவருகிறான் என்று நாம் பெருமை பேசுகிறோம். என் அனுபவம் வேறு மாதிரி இருந்தது.

பெரிய யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆறு மாதக் கொங்ஜே, அதாவது விடுமுறை, கிடைத்து ஊருக்கு வந்தேன். எங்கள் ஊரிலிருந்து வில்லியனூருக்கு ஆற்றைத் தாண்டி மாட்டுவண்டியில் மூன்று மணி நேரம். ஊரில் என் அக்கா சவரியம்மா தனியாக இருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு பால் விற்று, அந்தப் பணத்தில்தான் என்னைப் படிக்க வைத்தாள். சைகோனில் நான் விஷக்காய்ச்சலில் படுத்தபோது, தம்பி பிழைத்து வந்தால் அவனோடு வந்து வில்லியனூர் மாதா குளத்தை மூன்று சுற்று சுற்றுகிறேன் என்று பொருத்தனை செய்திருந்தாள்.

ஈஸ்டர் கழிந்து மாதா திருநாள் நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, விடிந்ததும் வண்டி கட்டினோம். நான் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டேன். அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். "மாதாவுக்கு உன்ன அடையாளம் தெரியுமா தம்பி?" என்றாள். குளத்தைச் சுற்றும்போது என் கையைப் பிடிக்க மறுத்துவிட்டாள். காலை இழுத்து இழுத்து மூன்று சுற்றையும் தானே முடித்தாள். பிறகு பூசை. கூட்டம் முழுவதும் தரையில் உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் தூணில் சாய்ந்து கடைசிவரை நின்றாள். அவளால் தரையில் உட்காரவும் முடியாது, முழங்காலில் நிற்கவும் முடியாது. முந்தானை நுனி நடுங்குவதைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கோவிலிலும் அவள் இப்படித்தான் நிற்பாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தைக் கண்ணால் பார்க்க ஒன்பது வருஷம் வெளியே இருந்துவிட்டு வர வேண்டியிருந்தது.

திருநாளை ஒட்டி அங்கே சந்தை கூடும். பட்டணத்தில் வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஏலம் விட்ட மரச்சாமான்களை வியாபாரிகள் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து புளியமரத்தடியில் பரப்பியிருந்தார்கள். கால் உடைந்த கட்டில், பளிங்குப் பலகை போட்ட மேசை, புறா எச்சம் காய்ந்த புத்தக அலமாரி. ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ ஒன்று என் கண்ணில் பட்டது. அக்காவின் வீட்டில் அது நின்றால் ஊரே வந்து பார்க்கும், சைகோன்காரன் வாங்கித் தந்தது என்று பேசும். இதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது என்ன மரம்?" என்று வியாபாரியைக் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தமிழ் சுத்தமா பேசுறீங்களே தொரே! எங்க கத்துக்கினீங்க?"

பிறந்த ஊரிலிருந்து மூன்று மணி நேர வண்டித் தொலைவில் வைத்துக் கேட்கப்பட்ட கேள்வி. பின்னாலிருந்து அக்காதான் சொன்னாள்: "எங்க வூட்டு மாட்டுக்கொட்டாயில."

திரும்பிப் பார்த்தேன். காலுக்கு ஓய்வு கொடுக்க அவள் ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உயர்ந்த முதுகு, அகன்ற கைகள், பிரம்பு பின்னிய இருக்கை. மடங்காத காலை முன்னால் நீட்டியிருந்தாள். பிறகு இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகளில் ஊன்றி, யாரையும் பிடிக்காமல் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு யோசனையை நான் பார்த்ததில்லை.

"இத்த வாங்கு தம்பி."

"வீட்டுக்கா?"

"வூட்டுல எனுக்குக் கட்டில் கீது. கோவிலுக்கு."

எங்கள் ஊர்க் கோவிலில் நாற்காலி என்பது சாமான் அல்ல. முன்வரிசையில் மூன்று குடும்பங்களின் நாற்காலிகள் மட்டும் கிடக்கும். அவர்களுக்குப் பின்னால் பாய், பாய்க்குப் பின்னால் வெறுந்தரை. யாருக்கு எது என்பது ஞானஸ்நானத்துக்கு முன்பே, பிறந்த சாதியிலேயே முடிவாகிவிடும். நாங்கள் வெறுந்தரைக் குடும்பம். "அக்கா, வேண்டாம். வம்பு வரும்" என்றேன். கடல் தாண்டி வந்த நான்தான் இதைச் சொன்னேன்.

அவள் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாபாரியோடு பேரத்தில் இறங்கிவிட்டாள். "ஜட்ஜ் தொரை உக்காந்த நாக்காலிம்மா" என்றார் அவர். "தீர்ப்பு சொல்றவரு உக்காந்தா ஒரு காலு ஏன் ஆடுது?" என்று ஆட்டிக் காட்டினாள். "எனுக்கும் ஒரு காலு சரியில்ல, இதுக்கும் ஒரு காலு சரியில்ல. ரெண்டையும் நீ தொரத்தி வுடப் பாக்காத." அவர் சிரித்துவிட்டார். விலை படிந்தது. ஆப்பு வைத்துக் காலை இறுக்கித் தந்த பிறகுதான் அக்கா மடியை அவிழ்த்தாள். நான் கொடுக்க முன்வந்தபோது என் கையைத் தள்ளிவிட்டாள். "இது என் பாலு காசு."

மறுநாள் ஞாயிறு. முதல் மணி அடிக்கும் முன்பே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனோம். முன்னால் போடட்டுமா என்றேன். அவள் சுவரோரம், வழக்கமாகத் தான் நிற்கும் இடத்தையே காட்டி, அங்கே போட்டதும் உட்கார்ந்துகொண்டாள். சனம் வரத் தொடங்கியது. வந்தவர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகு அக்காவைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். கோவில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் வேகமாக வந்தார்.

"சவரியம்மா, இது யாரு வூட்டு நாக்காலி?"

"என்னுது."

"கோவில்ல நாக்காலி போடறதுக்கு ஒரு மொறை கீது."

"இன்னா மொறை? சொல்லு, கேட்டுக்கறேன்."

அந்த முறையை அதுவரை யாரும் யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவை வந்ததில்லை. உபதேசியார் விறுவிறுவென்று உள்ளே போய்ப் பூசை வைக்கும் சாமியாரை அழைத்து வந்தார்.

சாமியார் பிரான்சு தேசத்தவர், வயதானவர். இதற்காகவே இரவெல்லாம் மனதில் கோத்து வைத்திருந்த பிரெஞ்சுப் பேச்சை நான் ஆரம்பித்தேன். சமத்துவம், சகோதரத்துவம், குடியரசு என்று நாலு வாக்கியம் போயிருக்கும். அவர் என் தொப்பியைப் பார்த்தார். "நீர் எந்த ஊர்? இங்கே யாரிடம் வந்திருக்கிறீர்?" என்று தமிழில் கேட்டார்.

"நீ சும்மா இரு தம்பி" என்றாள் அக்கா. நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி அவரை நேராகப் பார்த்தாள். "சாமி, முப்பது வருசமா நின்னுகினே பூசை கண்டேன். காலு போதும்ன்னு சொல்லுது. என்னை நிக்கச் சொன்னது மாதாவா, வேற யாராச்சுமா? மாதான்னா சொல்லுங்க, இப்பவே எழுந்துக்கறேன்."

சாமியார் அவளுடைய நீட்டிய காலைப் பார்த்தார். முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மூன்று முதுகுகளும் விறைத்திருந்தன. பிறகு உபதேசியாரிடம், "நேரமாகிறது. மணி அடியும்" என்றார்.

அவ்வளவுதான். அந்த மணியோசை எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. சுவிசேஷத்துக்கு எல்லோரும் எழுந்தபோது அக்காவும் கை ஊன்றி எழுந்தாள். எல்லோரும் உட்கார்ந்தபோது அவளும் உட்கார்ந்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எல்லோரும் செய்ததை எல்லோரோடும் சேர்ந்து செய்தாள். நான் ஆண்கள் பக்கத்தில் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முன்வரிசைக் குடும்பங்கள் இரண்டு ஞாயிறு கோவிலுக்கு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்தார்கள். அதற்குள் இடுப்பு வலிக்காரி ஒருத்தி வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு அவள் மாமியாரே மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். சாக்கு விரித்த மரக்கட்டை ஒன்று, ஆசாரி வீட்டு பெஞ்சு ஒன்று என்று வந்துகொண்டே இருந்தன. பெஞ்சில் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் கப்பலேறுவதற்கு முந்தின ஞாயிறு, சுவரோரம் நடக்க வழியில்லை. உபதேசியார் பெட்டிகளை ஒதுக்கி ஒதுக்கிக் காணிக்கைத் தட்டு எடுத்து வந்தார். அக்காவிடம் வந்தபோது, "உன்னால கோவிலு சந்தையா ஆயிடுச்சி" என்று முணுமுணுத்தார். "சந்தையிலதான் எல்லாருக்கும் எடம் கெடைக்குது" என்றாள் அவள், தட்டில் காசைப் போட்டுக்கொண்டே.

சைகோனுக்குத் திரும்பிவிட்டேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசைக்குப் போகிறேன். ஏழுக்குள் முடிந்துவிடும். சனம் கலைந்துபோகும், விளக்கணைப்பவர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார். நான் எழுவதில்லை. இங்கே ஏழரை ஆகும்போதுதான் எங்கள் ஊரில் ஆறு மணி, அக்காவின் கோவிலில் பூசை மணி அடிக்கும் நேரம். காலி பெஞ்சில் உட்கார்ந்து அந்த அரைமணியைக் கழிக்கிறேன். ஏழரை ஆனதும், இந்தக் கோவிலில் எந்த மணியும் அடிக்காதபோது, எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொள்கிறேன்.