தொண்ணூறாம் நாள் பிளெக்ஸ்

அவனியாபுரத்தில் ஒரு சந்து. அங்கே ஜல்லிக்கட்டுக் காளை கட்டியிருக்கும் கொட்டகைக் கூரையில் ஒரு பிளெக்ஸ் விரிந்து கிடக்கிறது. அதில் சிரிப்பவர் பெயிண்டர் அண்ணன். லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அந்த பிளெக்ஸை அச்சடித்துக் கட்டியது நான்.

நாகமலைப் பக்கம் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு குடிநோய் சிகிச்சை மையத்துக்குக் களப்பயிற்சிக்குப் போனேன். மையத்தை விட்டு வெளியே வருபவர்கள் பழைய இடத்துக்கே திரும்பினால் பழைய கிளாஸும் திரும்பிவிடும் என்பதால், மையமே இந்தச் சந்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நான்கு பேரைத் தங்கவைத்திருந்தது. பகலில் பட்டறை வேலை, சாயங்காலம் மாத்திரையும் ஆலோசனையும். அந்த நால்வரில் ஒருவரான பெயிண்டர் அண்ணனுக்கு இருந்த வேறு ஒரே இடம் கொட்டாம்பட்டியில் தம்பி வீடு. அதன் பின்சுவரை ஒட்டியே பார். "இந்த வீடு போச்சுன்னா நானும் போச்சு தம்பி" என்று சாதாரணமாகத்தான் சொல்வார். வீட்டுக்காரரிடம் புரோக்கர் சொல்லி வைத்திருந்தது, பட்டறை ஆட்கள் என்று மட்டும். மையமும் அதைத் திருத்தவில்லை. வீட்டுக்காரருக்கு அண்ணனை ரொம்பப் பிடிக்கும். அவருடைய காளையைக் குளிப்பாட்டி, பருத்திவிதை ஊறவைத்து ஊட்டியது அண்ணன்தான். யாரையும் அண்டவிடாத மாடு அவரிடம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்.

அண்ணன் குடிக்காமல் தொண்ணூறு நாள் ஆனது. காதுகுத்துக்கும் கட்சிப் பதவிக்கும் பிளெக்ஸ் வைக்கும் ஊரில் இதற்கு வைக்கக்கூடாதா என்று எனக்கு ஒரே துள்ளல். அண்ணன் தலையை ஆட்டினார்.

"குடிச்சுக் கெடந்தப்ப எவனும் என் மூஞ்சியப் பாக்கல. இப்ப எதுக்குத் தம்பி அம்புட்டுப் பேருக்கும் காட்டணும்?"

"மத்தவகளுக்கு நம்பிக்கை வரும்ணே."

"உனக்கு வரும். எனக்கு வீடுதான் வேணும்."

நான் கேட்கவில்லை. 'போதையை வென்ற மாவீரரே' என்று கொட்டை எழுத்தில் போட்டு, வழக்கப்படி மூலையில் கைபேசியைக் காதில் வைத்த என் படத்தையும் சேர்த்து, விடிவதற்குள் வாசலில் கட்டிவிட்டேன்.

எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவர் வாயிலிருந்து முந்தின நாள் சரக்கு அப்படியே வீசியது. அந்த வாயால்தான், "குடிகாரப் பயலுகளையா என் வீட்ல வச்சிருக்கீக? பொம்பளப் பிள்ளைக இருக்க தெரு. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணுங்க" என்றார். மாதக்கணக்கில் அண்ணனிடம் கேட் கதவுக்கும் சைக்கிளுக்கும் ஓசியில் பெயிண்ட் அடித்துக்கொண்ட வீடுகள் ஜன்னலைச் சாத்தின. பருத்திவிதை வாளியை வீட்டுக்காரரின் மனைவி இரண்டு முறை சாம்பல் போட்டுத் தேய்த்ததைப் பார்த்தேன். மையத்துக்குப் போன் செய்தால், "யாரைக் கேட்டு பிளெக்ஸ் வச்ச?" என்று என்னைக் கேட்டார்களே தவிர, நான்கு பேரும் எங்கே போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் என்னைத் திட்டவில்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்" என்று போனார். அதற்கும் விடவில்லை. கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இரண்டு வாரம் மாத்திரைக்கு வந்தார். அப்புறம் வரவில்லை. நான் தேடிப் போனபோது பாருக்கு வெளியே மண்ணில் கிடந்தார். எழுப்பினேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

அந்த பிளெக்ஸை வீட்டுக்காரர் வீணாக்கவில்லை. கொட்டகையில் ஒழுகிய இடத்துக்குப் போட்டுவிட்டார். வெயிலிலும் மழையிலும் அண்ணனின் முகம் வெளுத்து, கண் இருந்த இடம் தெரியவில்லை. கீழே காளை நனையாமல் நிற்கிறது. கூரை இறக்கத்துக்கு அடியில் மடித்துவிட்ட, வெயில் படாத மூலையில், நான் மட்டும் புதுசு போல, போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.