பிரேக் உன் பக்கம்

உட்கார்ந்த இடத்தில் மாஸ்டரின் வலது கால் சும்மா இருக்காது. முதலில் குதிகால் தரையில் ஊன்றிக்கொள்ளும். பிறகு பாதத்தின் முன்பாதி மெல்ல எழும்பி, எதிரே எதுவோ வருவதைப் பார்த்துவிட்டதுபோல் ஒரு கணம் தயங்கி, தரையை அழுத்தும். சாப்பாட்டு மேசைக்கு அடியில், முடிவெட்டும் நாற்காலியில், மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் என்று எங்கேயும் இதே கதைதான். அழுத்தியது அவருக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள்தான் குனிந்து பார்ப்பார்கள்.

"வீட்டுக்கும் பிரேக் போட்டுக்கிட்டே இருக்கீங்க. அதான் இங்க ஒரு காரியமும் நகர மாட்டேங்குது" என்பாள் மனைவி.

மாஸ்டருக்கு வேலை, கார் ஓட்டக் கற்றுத்தருவது. கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் இவர். இவர் காலடியில் இன்னொரு பிரேக். கல்லூரியில் படித்தது கணக்கு, வாய்த்தது கிளச். ஆனால் இந்தப் பழக்கத்தை வேலையின் தலையில் கட்டிவிட முடியாது. அது கல்லூரிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அப்போது காலில் இல்லை, விரலில் இருந்தது.

கல்லூரிக்கு எதிரே தையல்கடை மாடியில், கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஆடும் கடை ஒன்று. படியேறும்போதே சூடான பிளாஸ்டிக் வாசனை முகத்தில் அடிக்கும். கூட்டம் அதிகம், மிஷின் குறைவு. அதனால் ஒரு மிஷினுக்கு இரண்டு பேர் என்று கடைக்காரர் சட்டம் போட்டிருந்தார். மற்ற ஜோடிகள் மாறி மாறி ஆடினார்கள். இவரும் இவருடைய அறைத் தோழனும் முறைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், திரையில் ஓடிய ஒரே காரை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். "வளைவு என் பக்கம், பிரேக் உன் பக்கம்" என்று தோழன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். இடமும் வலமும் அவன் விரல்களுக்கு, வேகமும் பிரேக்கும் இவர் விரல்களுக்கு. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போவான். அதில்தான் பல்லி என்ற பெயர் வந்தது. பல்லி எந்த வளைவுக்கும் பயந்ததில்லை. பயப்படுவது இவர் பொறுப்பு.

"ஒரு கார ஓட்ட ரெண்டு பேரா? ஹாரனுக்கும் ஒருத்தன வச்சுக்கோங்கடா!" என்று பக்கத்து வரிசை கத்தும். அந்த வரிசையை முழுசாகத் தோற்கடித்துவிட்டுத்தான் இருவரும் படியிறங்குவார்கள். இறங்கிய பிறகும் மாஸ்டரின் விரல் கால்சட்டைப் பைக்குள் அழுத்திக்கொண்டே இருக்கும்.

இருபது வருடம் கழித்து, முன்தலை காலியாகி, சின்னத் தொப்பையோடு பல்லி பயிற்சிப் பள்ளி வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடு."

"உனக்கா? விளையாடாத."

"நெசமாத்தான்டா. சைக்கிளுக்கு மேல எதையும் தொட்டதில்ல."

காதுகேட்கும் கருவி பழுது பார்க்கும் கடையில் அவனுக்கு வேலை. கடைக்கு வரமுடியாதவர்களைத் தேடி ஊர் ஊராகப் போக முதலாளி ஒரு கார் தரப்போகிறாராம். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் காட்டணும். இல்லன்னா வேற ஆளு. இத்தன வருசம் ஒரே ரூம்ல ஒக்காந்து காது காதா பாத்தாச்சுடா. கொஞ்சம் ரோட்டையும் பாக்கறேனே."

சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்தான். கிளச்சும் கியரும் சீக்கிரமே வசப்பட்டன. ஸ்டீயரிங் அவன் கையில் வெண்ணெயாகத் திரும்பியது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான். எதிரே லாரி நின்றாலும், குறுக்கே நாய் ஓடினாலும், பல்லி ஒதுக்கிக்கொண்டு போகத்தான் பார்த்தான், பிரேக்கை மிதிக்கவில்லை. மாஸ்டரின் கால் முந்திக்கொண்டு மிதித்தது.

"பிரேக் எங்கடா?"

"அதான் நின்னுச்சே."

"நான் போட்டேன், நின்னுச்சு."

"நீ போடுவேன்னு தெரியுமே மச்சான்."

திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். இனிமேல் என் கால் அசையாது என்று சத்தியமே செய்தார். அடுத்த சந்தியிலேயே அது அசைந்தது. வாரம் முழுக்க வேறு யாருக்குக் கற்றுத்தந்தாலும் மனசு பல்லியிடமே போய் நின்றது. தேர்வில் பக்கத்தில் அமரும் அதிகாரி ஒருமுறை பிரேக்கைத் தொட்டால் போதும், ஆள் ஃபெயில். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஒரு மதியம், மேசைக்கு அடியில் தன் கால் தரையை அழுத்துவதை மாஸ்டர் முதன்முறையாகத் தானே பார்த்தார். இந்தக் கால் பக்கத்தில் இருக்கும்வரை அவனுக்குப் பிரேக் வராது என்று புரிந்தது.

மறு சனிக்கிழமை, சந்தைக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் பழைய டயர்களை வரிசையாக நிறுத்தினார். பிறகு காரின் பின்கதவைத் திறந்து ஏறினார்.

"டேய், எங்கடா போற?"

"பின்னாடி."

"எதுக்கு?"

"காத்து வாங்க. வண்டிய எடு."

பல்லி எடுத்தான். கண்ணாடியில் அவன் கண்கள் இவரைத் தேடின. இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் டயர் மல்லாந்தது. இரண்டாவது உருண்டே போய்விட்டது.

"சொல்லித் தொலையேன்டா!"

மாஸ்டர் காற்று வாங்க ஜன்னலை இறக்கினார். மூன்றாவது டயர் நெருங்கியது. கீழே மிதிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கால் காரின் தரையை அழுத்தியது. வண்டி குலுங்கி நின்றது. டயருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு பூனை தாராளமாகப் போகலாம்.

பல்லி திரும்பினான். "நானா போட்டேன்?"

"பின்ன? டயரா போட்டுச்சு?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, ஓடுகிற ஆட்டத்திலிருந்து தன்னை மட்டும் எழுப்பிவிட்டாற்போல் உள்ளுக்குள் ஏதோ காலியானது. முன் சீட்டுக்குத் திரும்பாமல், மாலைவரை பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

கெடுவுக்கு முந்தின வாரத் தேர்வில் பல்லி பாஸானான். அதன்பிறகு வரவில்லை. அவன் எங்கேயோ மேட்டிலும் பள்ளத்திலும் காரை ஒடித்துத் திருப்பிக்கொண்டிருப்பதாக மாஸ்டர் நினைத்துக்கொள்வார். சனிக்கிழமைகளில் கால் இரண்டு மடங்கு ஆடியது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போன் செய்தார். பல்லியின் மனைவி எடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரன் இப்ப எந்த ஊர்ப் பக்கம் சுத்திக்கிட்டு இருக்கான்மா?"

"எங்கண்ணா சுத்தறது? கடையிலதான் இருக்காரு. அந்தக் கார் வேலைக்குத்தான், அவரு அங்க கத்துக்க வந்த ரெண்டாவது சனிக்கிழமைக்கு முன்னாடியே வேற ஆளப் போட்டுட்டாங்களே. அப்புறமும் உங்ககூட வண்டி ஓட்டணும்னுதானே சனிக்கிழமையானா பஸ் ஏறினாரு. உங்ககிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்னாரே?"