துணைக்குப் போன கல்லூரி

நேற்றுக் காலை கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பஞ்சரான ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். "அங்கிள், பத்து மணிக்கு டெஸ்ட் கீது, கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க" என்றாள். மூலையில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துவிட்டாள். வண்டியின் முன்னால் ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்தைக் கழற்றக் குனிந்தவனுக்கு அதிலிருந்து ஒரு வாடை அடித்தது. முட்டை அழுகினது போல, கூடவே கொஞ்சம் காரமாக. கெமிஸ்ட்ரி லேப் வாடை. பெட்ரோலிலும் கிரீஸிலும் ஊறிப்போன மூக்குதான் என்னுடையது. ஆனாலும் அதை விட்டுவிடுமா? அந்த வாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தவன் ஆயிற்றே நான்.

யாழினி, தினேஷ், உங்கள் அப்பாவும் கல்லூரிக்குப் போனவன் என்றால் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். போனது நிஜம். படித்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் சாந்தி அத்தை எனக்கு ஒரு வயசு சின்னவள். பன்னிரண்டாவதை நான் முதல் தடவை கோட்டை விட்டதால், இருவரும் ஒன்றாகவே பள்ளிக்கூடம் முடித்தோம். கே.ஜி.கண்டிகையில் எங்கள் தெருவிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் கல்லூரிக்குப் போனதில்லை. திருத்தணி என்ன தூரமா? பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் மலை தெரிந்துவிடும். ஆனால் பெண்பிள்ளை விஷயத்தில் எங்கள் நைனாவுக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு, அது பம்பாய் தூரம். சாந்திக்கு கெமிஸ்ட்ரியில் சீட்டு கிடைத்த அன்று, களத்தில் வேர்க்கடலையைக் காயப் போட்டுக்கொண்டே நைனா தீர்ப்புச் சொன்னார்.

"அவன் போனா அவ கூடப் போவட்டும். அவன் நின்னா அவளும் நிக்கட்டும்."

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். பெண் படிக்க வேண்டுமானால் அண்ணனோ தம்பியோ சித்தப்பா மகனோ, யாராவது ஒருவன் அதே கல்லூரியில் இருக்க வேண்டும். அவன் படிக்கிறானா என்று யாரும் பார்ப்பதில்லை. கூடப் போகிறானா, கூட வருகிறானா, அவ்வளவுதான். சாந்தியோடு படித்த வேதவல்லிதான் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க். அவள் வீட்டில் எல்லாமே பெண்கள். கூட அனுப்ப ஆளில்லை. அதோடு அவள் படிப்பு முடிந்துபோனது. நானோ தட்டுத்தடுமாறிப் பாஸானவன், எனக்குக் கல்லூரி கிடைத்தது. இதில் இருந்த அநியாயம் அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றினதாகத் தெரியவில்லை.

எனக்குக் கிடைத்தது வரலாறு. ராஜாக்கள் ஒருவர் பின்னால் ஒருவராகச் செத்துக்கொண்டே இருந்தார்கள். யாருக்கு அப்புறம் யார் என்பதுதான் என் தலையில் நிற்கவில்லை. மதியத்தோடு என் வகுப்பு முடிந்துவிடும். சாந்தி சாயங்காலம்வரை லேபில் இருப்பாள். அவள் வரும்வரை எதிரே இருந்த மெக்கானிக் கடையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். கார்புரேட்டரைப் பிரித்து மாட்டுவதைப் பார்த்தால் ஒரே தடவையில் எனக்கு மனப்பாடம் ஆகிவிடும். பாடம் ஆகாது. முதல் வருஷத் தாள்கள் அத்தனையும் போனதும், இனி நான் போகவில்லை என்று நைனாவிடம் சொல்லிவிட்டேன்.

நான் நிறுத்தியது என் படிப்பை. வீட்டில் அது சாந்தியின் படிப்பை நிறுத்தினதாக ஆகிவிட்டது.

திருவாலங்காட்டில் இருந்த எங்கள் அத்தை, நைனாவுக்கு அக்கா, அந்த வாரமே வந்து இறங்கினாள். அவள் மகன் முனிரத்தினம் பாவாவுக்குத்தான் சாந்தி என்று சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தார்கள். பாவா பத்தாவதோடு நின்று, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா தம்பி, கூடப் போறவனே நின்னுட்டான், இன்னும் எதுக்கு இவள அனுப்பிகினு கீற? எம் புள்ள பத்தாவது. இவ டிகிரி வாங்கினு வந்து கால் மேல கால் போட்டு ஒக்காந்தா, நான் யாருக்குப் போய் சொல்றது?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார். அப்படிப் போனால் சம்மதம் என்று அர்த்தம். சாந்தி அழவில்லை. பம்ப்செட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீ ஃபெயில் ஆனதுக்கு நான் ஏன்டா வீட்ல ஒக்காரணும்?"

 மறுநாள் பாவா வந்து என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"மச்சான், காலேஜுக்கு எதுர்ல மெக்கானிக் கீறார் இல்ல, எனக்குத் தெரிஞ்சவருதான். பேசிட்டேன். போய் சேந்துக்க. அதே பஸ்ல போ, அதே பஸ்ல வா. மாமாவுக்கு வேண்டியது தொணைதான? நீ வரலாறு படிச்சா இன்னா, நட்டு கழட்டுனா இன்னா?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவ படிச்சி முடிச்சா உன்னக் கட்டிக்குவாளா பாவா?" என்று கேட்டுவிட்டேன்.

பாவா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "கட்டிக்க மாட்டா. அது எனக்குத் தெரியாதா? அதுக்காவ பாதியில நிறுத்திக் கட்டிகினா, அப்பறம் தெனம் அவ மூஞ்சப் பாக்கணும் இல்ல."

நைனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். "கூடப் போறான் இல்ல? அப்ப செரி" என்றார். அத்தை அன்று சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டாள்.

இப்படித்தான் உங்கள் அப்பா மெக்கானிக் ஆனான். சாயங்காலம் லேப் முடிந்து சாந்தி கடைக்கு வந்து உட்காருவாள். நான் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டு கிளம்புவேன். அவள் மேல் அழுகின முட்டை, என் மேல் கிரீஸ். நாங்கள் ஏறினால் கண்டக்டர், "ஆங், வந்துட்டாங்கய்யா, ஜன்னலத் தொறந்து வுடுங்க" என்பார். சாந்தி முறைப்பாள். அந்தக் கண்டக்டர்தான் அவள் பாஸானபோது பஸ்ஸில் எல்லாருக்கும் சொன்னவர்.

அவள் டீச்சரானாள். வேலூர்ப் பக்கம் இன்னொரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முனிரத்தினம் பாவா. அவருக்கும் பிறகு குடும்பமானது. இன்றும் வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுவந்தால் "சாந்தி நல்லாகீதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரேக் பிடிக்கவில்லை என்பார்.

இப்போது காலையில் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். கல்லூரிக்குப் போகிற கூட்டத்தில் பெண்கள்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள். போன மாதம் ஸ்கூட்டி சர்வீசுக்கு வந்த ஓர் அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "எங்க பொண்ணு எம்.எஸ்சிங்க. வர்ற பையன்லாம் பன்னெண்டாவதோட கம்பெனிக்குப் போனவங்க. நல்ல பையன்தான், கொறை சொல்ல முடியாது. இவ வாணாங்கறா, அவனுக்கும் கூச்சமா கீது. படிச்ச பையன் யாருனா இருந்தா சொல்லுங்க." எங்கே போய்ச் சொல்வேன்? எனக்குத் தெரிந்த பையன்கள் எல்லாம் ஷிப்டில் இருக்கிறார்கள்.

தினேஷ், நீ பன்னிரண்டாவது முடித்தபோது யாழினி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "அக்கா காலேஜ்லயே சேந்துக்கயேன்டா, கூடப் போய் கூட வரலாம்" என்றேன். என்னை அறியாமல் வந்தது, அப்படியே நைனா பேச்சு. நீ சிரித்தாய். "அவளுக்கு எதுக்குப்பா தொணை? நான் போனா அவதான் என்ன எறக்கி வுட்டுட்டுப் போவா." நானும் சிரித்துவிட்டேன். நீ சொன்னது சரிதானே.

துணை வைத்துப் படிக்க அனுப்பிய வழக்கம் ஒழிந்தது. ஒழிய வேண்டியதுதான். வேதவல்லியை நினைத்தால் இன்னும் முன்னாலேயே ஒழிந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. ஆனால் பையனைக் கல்லூரிக்கு அனுப்ப நைனாவிடம் ஒரு காரணம் இருந்தது, அது தப்பான காரணமே ஆனாலும். தங்கைக்காகவும் அக்காவுக்காகவும் போன பையன்களில் சிலர், வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தும் விட்டார்கள். உனக்குச் சொல்ல நானும் ஒரு காரணத்தைத் தேடினேன். படி என்று சொல்ல வாய் வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்த வாரம், நீ வேலையில் சேர்ந்த அன்று, விடிந்தும் விடியாததுமாகத் தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. உன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். நீ ஏறினபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். எல்லாரும் நம் தெருப் பையன்கள். ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உனக்கும் ஒரு சீட்டு இருந்தது.