மலைக்கு அந்தப் பக்கத்து விடியல்

மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் பரீட்சையில் தோற்ற அன்று, ஒரு பகல் முழுக்க அவள் போனை எடுக்கவில்லை. சாயங்காலம்தான் கிடைத்தாள். "யாரும் வராதீங்க, பேசாதீங்க, கொஞ்ச நாள் வுடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பகல் எனக்குள் இன்னும் முடியவில்லை. போன் அதிர்ந்தால் இப்போதும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

பேச வேண்டாம் என்றாள். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த வார்த்தை குத்துமோ என்று பயம். எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் போனில் இருக்கும் ஏஐயிடம், திருவண்ணாமலையில் இருக்கும் ஓர் அம்மா மகளைத் தேற்றுவது போல் ஒரு கடிதம் கேட்டேன். உடனே வந்தது. படித்து எனக்கே அழுகை வந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

சிறிது நேரத்தில் பதில். "மா, எங்க இருக்க?"

"வீட்லதான்டி."

"தினமும் மாடியில நின்னு மலைக்குப் பின்னாடி சூரியன் வர்றத பாக்குறேன்னு எழுதியிருக்க. நம்ம வேங்கிக்கால்ல சூரியன் மலைக்குப் பின்னாடி போவும், வராது. மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலைக்கு வீடு மாத்திட்டீங்களா?"

பல வருடங்களாக அந்த மாடியில் துணி காயப்போடுகிறவள் நான். அந்த வரியைப் படித்துத்தான் அழுதிருக்கிறேன்.

"யாருமா எழுதினா?"

சொன்னேன். "தப்பா எதாவது எழுதிடுவேனோன்னு பயமா இருந்துச்சு."

"தப்பாவே எழுது. நீ எழுது."

மறுநாள் விடியலில் மாடிக்குப் போனேன். வெளிச்சம் என் முதுகுப் பக்கமிருந்து வந்து, என்னைத் தாண்டி, மலை உச்சியை மட்டும் தொட்டது. கீழே மலை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. நானும் முழுதாக விழித்திருந்தேனா தெரியவில்லை. கை தன்பாட்டில் எழுதியது.

"உச்சி மட்டும் செவந்திருக்கு. டேங்க் வழியுது, அப்பா கீழேர்ந்து கத்துறாரு. உன் மஞ்ச சுடிதார நேத்து மறுபடி துவைச்சேன். அழுக்கே இல்ல, சும்மாதான். நீ பாஸாவலன்னு வருத்தம்தான். போன் எடுக்காத அன்னைக்கு நான் பட்டதுல அது பாதி கூட இல்ல."

திருப்பிப் படிக்காமல் அனுப்பினேன். வெளிச்சம் மலையின் இடுப்பு வரை இறங்கியபோது போன் அதிர்ந்தது.

"சும்மா சும்மா துவைக்காத, சாயம் போயிடும். எடுத்து வை. வெள்ளிக்கிழமை வந்து போட்டுக்கிறேன்."

கொடியிலிருந்து எடுத்தேன். பனியில் நனைந்து கனத்தது.