நுஸ்ரத் கொடுக்க மறுத்த ரிப்போர்ட்

நுஸ்ரத்தை நினைத்தால் எனக்கு முதலில் கோபம் வரும், அப்புறம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். தாராவியில் எங்கள் தெருவில் தோல்பை தைக்கும் ஹமீது பாயின் மகள். செம்பூரில் ஒரு லேபில் டிஎன்ஏ படிக்கிற மெஷின் அவள் பொறுப்பு. பார்க்க என்னவோ நம் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரிதான் நிற்கிறது. டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கி ஒரு கண்ணாடிச் சில்லில் ஒட்டவைத்தால், ஒவ்வொரு எழுத்தையும் வெளிச்சம் காட்டிப் படித்துவிடுமாம்.

என் தம்பி சுதன் அத்தை மகள் மகேஸ்வரியைக் கட்டியவன். மூத்த பெண் குழந்தை வலிப்பு வந்து செத்துப்போனாள். ஏனென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. இப்போது கைக்குழந்தை ஆதித்யனுக்கும் அதே வலிப்பு. பரம்பரைக் கோளாறா என்று பார்க்க டாக்டர் சாம்பிள் கேட்டார். ரத்தம் எடுக்க நரம்பு அகப்படவில்லை. வாய்க்குள் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து நுஸ்ரத்தின் லேபுக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தால், நுஸ்ரத்திடமிருந்து போன் வருகிறது.

"அக்கா, பிள்ளைக்கு மறுபடியும் சாம்பிள் எடுக்கணும்."

"ஏம்மா, பிள்ளை அங்க துடிக்கான், நீ வெளையாடுதியா?"

"ஆம்பளப் பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் ஒண்ணுதான இருக்கணும்? இதுல ரெண்டு ஆளுது கலந்து தெரியுது. குச்சி வைக்கதுக்கு முன்னாடி பால் குடுத்தாங்களா?"

கொடுக்காமல்? எங்கள் வீட்டில் பிள்ளை சிணுங்கினால் முதலில் பால், பிறகுதான் உலகம். குச்சி வைக்கிற வரை குடித்துக்கொண்டுதான் இருந்தான். பாலோடு தாயின் டிஎன்ஏவும் கலந்து, அதிலிருந்த நல்ல எழுத்து பிள்ளையின் கோளாறை மறைத்து, நோயே இல்லாத மாதிரி காட்டியிருக்கிறது.

"இப்படியே குடுத்தா சந்தோசமா வீட்டுக்குப் போயிருவீங்க. என்னால முடியாது அக்கா," என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு அவளே வந்தாள். பாலை நிறுத்தி, வாயைத் துடைத்து, வீறிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். பால் சுரந்து ரவிக்கை நனைய மகேஸ்வரி அழுதாள். நுஸ்ரத் மசியவில்லை; வாய் சுத்தமான பிறகுதான் புதுக் குச்சி வைத்தாள். அடேயப்பா, என்ன நெஞ்சுரம்!

புது ரிப்போர்ட்டில் நோய் இருந்தது. ஒரு வைட்டமினை உடம்புக்குப் பயன்படுத்தத் தெரியாத கோளாறு. தினமும் அந்த வைட்டமின் மாத்திரையைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். கெட்ட செய்திக்காக அன்றைக்குத்தான் நான் சாமி கும்பிட்டேன்.

சாயங்காலம் வந்த நுஸ்ரத்திடம் மகேஸ்வரி கேட்டாள்: "அப்போ மூத்தவளுக்கும் இதுதானா? மாத்திர குடுத்திருந்தா இருந்திருப்பாளா?"

நுஸ்ரத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ சாம்பிள நான் பாக்கல அக்கா. ஆனா அப்படித்தான் இருக்கும்."

மகேஸ்வரி வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மாத்திரையைக் கரைத்து மகன் வாயில் ஊற்றினாள்.