வேலிக்கு வெளியே ஓடிய கலப்பை

அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் பால்மாடு வைத்துப் பிழைத்த தெர்வ்லா கீயோவுக்கு ஐம்பது வயதானபோது, பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு டிராக்டரை இழுத்து வந்தாள். அவள் பிறந்த காலத்து வண்டி அது. பின்னால் கோத்து இழுக்கும் இரட்டைக் கலப்பையும் சேர்ந்து கிடைத்தது. ஒரு குளிர்காலம் முழுக்கப் பிரித்து, துடைத்து, பூட்டி, ஓட வைத்துவிட்டாள்.

அந்த வண்டியோடு வட்டார உழவுப் போட்டியில் இறங்க வேண்டும் என்று குழுத் தலைவர் மாலகியிடம் போனாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"இது உழவுப் போட்டி தெர்வ்லா, பொருட்காட்சி இல்ல. பழைய வண்டிக்குன்னு பிரிவே கிடையாது."

"இல்லேன்னா உண்டாக்கு."

"உண்டாக்கினா யாரு வருவா?"

"நான் வரேன்."

மாலகி சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

போட்டி நாளன்று, திடலை ஒட்டிய வயலில் வேலிக்கு அந்தப்புறம் அவள் வண்டி புகை கக்கியபடி கிளம்பியது. அந்த வயல் அவள் தம்பியுடையது. யாரும் தடுக்க முடியாது. வரப்பு முனையில் கலப்பையைத் தூக்கி இறக்கும் கயிற்றைச் சுண்டினாள், கலப்பை எழுந்தது. திரும்பினாள், மறுபடி சுண்டினாள், இறங்கியது. அறுத்துவிட்ட பார்லியின் தாள் ஒன்றுகூட வெளியே தெரியாமல் மண்ணுக்குள் புரண்டது. தேநீர் வேளைக்குள் போட்டி பார்க்க வந்த கூட்டத்தில் பாதி வேலியோரம் சாய்ந்து நின்றது. "எங்க கொட்டகையிலயும் ஒண்ணு கோழி அடைய கிடக்குதே!" என்று யாரோ கத்தினார்கள்.

மறு ஆண்டு பிரிவு உண்டானது. கோழிகளை விரட்டிவிட்டு ஏழெட்டு வண்டிகள் வந்தன. நடுவராக வந்திருந்த ஹாலந்துக்காரர் வீப்ரன் அவள் உழுத சாலில் இறங்கி நின்று, "இந்தப் பைத்தியம் எங்க ஊர்லயும் உண்டுங்க" என்றார். ஸ்காட்லாந்திலும் டென்மார்க்கிலும் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. நாலு நாட்டுக்காரர்களும் பேசிப் பேசி, சில ஆண்டுகளில் பழைய வண்டிகளுக்கான முதல் சர்வதேசப் போட்டியை வீப்ரனின் ஊர்ப்பக்கமான ஃபிரீஸ்லாந்தில் வைத்தார்கள். உள்ளூரில் ஜெயித்திருந்த தெர்வ்லாதான் போக வேண்டும்.

"மாட்டை யாரு கறப்பா?" என்றார் மாலகி.

"நீதான்."

அங்கே முந்தின நாள் மழை கொட்டியிருந்தது. கல்லும் மணலும் கலந்த நிலத்தையே அறிந்தவள் தெர்வ்லா. அந்தக் களிமண் பிசைந்த மாவைப்போல் கலப்பைத் தகட்டில் அப்பிக்கொண்டது. மண் புரளவில்லை, அப்படியே ஒதுங்கியது. அவள் இறங்கி மண்வெட்டியால் சுரண்டினாள். ஏறி ஓட்டினாள். பத்தடி போவதற்குள் மறுபடி அப்பியது. மற்றவர்கள் முடித்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். மேற்பார்வையாளர் அருகில் வந்து, "விட்டுடலாமேம்மா, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றார்.

"மணி அடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மணி அடிக்கும் நேரத்தில் கடைசிச் சால் ஓட்டி முடித்துக் கயிற்றைச் சுண்டினாள். உள்ளங்கை பிய்ந்திருந்தது. கிடைத்தது கடைசிக்கு முந்தைய இடம்.

முடிவைப் படித்த கையோடு வீப்ரனிடம் போனாள். "உங்க ஊர்க்காரங்க தகட்டுல மட்டும் ஏங்க மண்ணு ஒட்டல?"

"உங்களது குட்டையா வளைஞ்சிருக்கு. களிமண்ணுக்கு நீளமா, வழவழன்னு வேணும்."

"பழசு ஒண்ணு கிடைக்குமா?"

பக்கத்துப் பண்ணையில் கிடந்த இரண்டை வாங்கி, கோணியில் சுற்றிக் கப்பலேற்றினாள். ஊருக்கு வந்ததும், ஆற்றோரத்தில் யாரும் கால் வைக்காத சேற்று வயலைத் தேடிப்பிடித்தாள். மழை பெய்யும் நாளாகப் பார்த்தே வண்டியை எடுத்தாள். கொழுவின் கோணத்தை ஒரு திருகு மாற்றுவாள், ஓட்டுவாள், இறங்கிப் பார்ப்பாள், மறுபடி மாற்றுவாள். வசந்தத்தில் மண் சுருள் சுருளாக, பளபளவென்று புரண்டது.

அடுத்த போட்டி டென்மார்க்கில். எட்டு நாட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. அன்றும் மழை. தெர்வ்லா மூன்றாவதாக வந்தாள்.